மார்வாவுக்கு வந்த கோக்கோ

பொறாமையைப் பற்றி இந்தத் தீவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் நேராக என்னிடம் வரலாம். என் புருஷன் இயோதேபா கடைவாசலில் ஒரு விதவையோடு நின்று சிரித்தான் என்பதற்காக அவனுடைய புது மீன்வலையைக் கத்தியால் கீறிப்போட்டவள் நான். ஊரில் தாபேத்தா என்று என் பெயரைச் சொன்னால் வலையைத்தான் முதலில் நினைப்பார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த மார்வாவுக்கு வயிறு எரிகிறது என்பது, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மார்வா அமெரிக்காவில் ஐடஹோ என்கிற உருளைக்கிழங்குச் சீமைக்காரி. எங்கள் சபையில் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, வேலையிலிருந்தும் ஓய்வு வாங்கிக்கொண்டு, கிழவனும் கிழவியுமாகச் சொந்தக் காசு போட்டு ஊழியத்துக்கு வருகிறவர்கள் உண்டு. ஒன்றரை வருஷம் இருப்பார்கள். அவர்கள் போனால் அடுத்த ஜோடி வரும். அதே தகரக்கூரை வீடு, அதே கட்டில், அதே மழைத்தண்ணீர்த் தொட்டி. மார்வாவும் அவள் வீட்டுக்காரர் டுவெயினும் படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தபோது, கரையில் நின்ற பெண்கள் மாலை போட்டுவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "லெனோர் அழுதுகிட்டே போனாங்க, தெரியுமா?" என்பதுதான். வந்தவளை வரவேற்கிற லட்சணமா இது? ஆனால் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

லெனோர் இவளுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவள். எங்கள் பாஷையை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவாள். ஊர்க்கூடத்தில் அவளை ஆடச் சொன்னால் கையை விரித்து, பறவை தலையைத் திருப்புவது மாதிரி திருப்பி ஆடுவாள். மணல்புழுவை உயிரோடு பிடித்துத் தின்பாள். எங்கள் நாக்கில் ல வராது, அதனால் அவள் ரெனோரே. ஊரில் இரண்டு பெண் குழந்தைகளுக்கு ரெனோரே என்று பெயர். ஒரு படகுக்கும் அதே பெயர்.

மார்வா விடியும் முன்பே எழுந்து முற்றம் பெருக்குவாள். லெனோர் பெருக்குவாள் என்று யாரோ சொன்ன மறுநாள் தொடங்கியது அது. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, கிழவருக்கு ஓட்ஸ் கிண்டிக் கொடுத்துவிட்டு, ஊழியக்காரர்கள் போடுகிற கறுப்புப் பெயர்ப்பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவாள். சர்க்கரை வியாதிக்காரர்களின் கால்புண்ணைக் கழுவிக் கட்டுவாள். சபைக்கூடத்தில் பேட்டரி போட்ட சின்ன பியானோவில் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பாள். "ரெனோரே எங்களுக்கு இந்த விரல்தான் வைக்கச் சொன்னாங்க" என்று பிள்ளைகள் சொன்னால் உதட்டைக் கடித்துக்கொள்வாள். மத்தியானம் அரிசிச் சோறும் டப்பா மாட்டிறைச்சியும். சாயங்காலம் யார் வீட்டுக்காவது போய்த் தாழம்பாயில் காலை மடக்க முடியாமல் மடக்கி உட்காருவாள். லெனோர் மணிக்கணக்கில் மடக்கி உட்காருவாள் என்று அந்த வீட்டுக்காரி சொல்லாமல் விடமாட்டாள். டுவெயின் கிழவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. சூரிய விளக்குகளைப் பிரித்துப் பூட்டுவார், காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவார். எங்கள் பாஷையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆமாம், நன்றி, நல்லா இருக்கு.

எனக்கு மார்வாவைப் பிடித்துத்தான் இருந்தது. லெனோரை அவ்வளவாகப் பிடித்ததில்லை என்பதும் ஒரு காரணம். லெனோருக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போக இயோதேபா காட்டிய சுறுசுறுப்பை அவன் தன் வீட்டுக்குக் காட்டியதில்லை. அவள் வயசுக்கு அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒருநாள் சீமைப்பலாவைச் சுட்டுக்கொண்டு நானும் மார்வாவும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஐடஹோவில் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் பொங்கிப் போட்டதைச் சொன்னாள். ஊரில் பாதிப்பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்களாம். கடைத்தெருவில் பார்த்தால் "அட, சாப்பாட்டு அம்மா!" என்பார்களாம். பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. அவள் தங்கை கேலீன் சந்தைப் போட்டிக்கு வருஷத்துக்கு ஒருதரம் ஆப்பிள் பணியாரம் சுட்டு, ரிப்பன் வாங்கி, பேப்பரில் பெயரும் படமும் போட்டுக்கொள்வாளாம்.

"வருஷத்துக்கு ஒண்ணு," என்றாள் மார்வா. "ஒண்ணே ஒண்ணு. நான் தெனம் முந்நூறு தட்டு."

பிறகு பலாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, தன் உடைந்த பாஷையில் கேட்டாள். "ஒன் பொண்ணு கிரிதினா. வயித்துப் பிள்ளை. பொண்ணா வந்தா... பேரு... மார்வா?"

கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கத்தை விட்டுக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. எங்காவது ஒரு முற்றத்தில் யாராவது அவள் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும்.

என் மருமகன் வீட்டார் ரெனோரே என்று ஏற்கனவே முடிவுகட்டி வைத்திருந்தார்கள். நானோ தாபேத்தா என்று என் பெயரையே வைக்கச் சொல்லி மகளை அரித்துக்கொண்டிருந்தேன். "பொறக்கட்டும்க்கா, பாப்போம்," என்று சொல்லிவைத்தேன். இல்லை என்பதற்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்பது அவளுக்கும் தெரியும்.

அடுத்த வாரமே இயோதேபா மறுபடியும் அந்த விதவையோடு பேசினான். இந்த முறை வலை அகப்படவில்லை, அவனுடைய செருப்புகளைக் காயலில் வீசினேன். மார்வா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாபேத்தா, இது... ஒனக்கு உள்ள எரியுதே... இதுக்கு பேரு என்ன?"

"கோக்கோ!" என்று கத்தினேன்.

"கோக்கோ," என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கும் இருக்கு."

"யாருக்குத்தான் இல்ல?" என்றேன். என் கண்ணெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் செருப்புக்குத் துழாவிக்கொண்டிருந்த என் புருஷன் மேல்தான் இருந்தது. அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

எங்கள் பாஷையில் பொறாமைக்கு இரண்டு சொல் உண்டு. அடுத்தவளின் படகு, பாய், பிள்ளை, பேர்புகழ் இதைப் பார்த்து வயிறு எரிந்தால் அது பகந்தாங். கோக்கோ வேறு. அது புருஷன் பெண்டாட்டி விஷயம், படுக்கை விஷயம். அந்தக் காலத்தில் கோக்கோ வந்தவள் சக்களத்தியின் மூக்கைக் கடித்துவிடுவாள். என் பெரியம்மாவுக்கு மூக்கு நுனியே கிடையாது, அதற்கு அவளிடம் நியாயமான பதிலும் கிடையாது.

இந்த நேரத்தில்தான் லெனோர் வரப்போகிறாள் என்று செய்தி வந்தது. சபைக்கூடத்துக்குப் புதுக்கூரை போட்டிருந்தோம், அதன் திறப்புக்கு அழைத்திருந்தோம். லெனோரின் வீட்டுக்காரர் ஊருக்குத் திரும்பிய பிறகு இறந்துபோயிருந்தார். தனியாக வருகிறாள். ஊரே பரபரத்தது. பன்றிகளைக் கட்டி வைத்தார்கள். பெண்கள் புது ரவிக்கை தைத்தார்கள். கூரைக்கு ஆணி அடித்து விரலை நசுக்கிக்கொண்டவர் டுவெயின், ஆணி பொறுக்கியவள் மார்வா. அது ஒருத்தர் நினைப்பிலும் இல்லை.

மார்வா கதவைச் சாத்திக்கொண்டு எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பேசப்போகிறாள் என்று தெரியும். எங்கள் சபையில் மனதில் இருப்பதை எழுந்து நின்று சொல்வது வழக்கம். ஆனால் வழக்கமாக எல்லாரும் நன்றிதான் சொல்வார்கள். இவள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

லெனோர் வந்து இறங்கினாள். அவள் கழுத்தும் தலையும் மாலையில் மூழ்கிவிட்டன. திறப்பு முடிந்து ஊர்க்கூடத்து விருந்தில் அவள் ஆடியபோது ஆளாளுக்கு ஓடிப்போய் அவள் முதுகில் வாசனைப் பவுடரைக் கொட்டினார்கள். எங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரிக்குச் செய்கிற மரியாதை அது. மார்வா வந்த நாளிலிருந்து அவள் மேல் ஒரு சிட்டிகைப் பவுடர் விழுந்ததில்லை. தகர டிரம்மில் நெருப்பு மூட்டி, பாதி நாள் புகையில் நின்று அவள் செய்திருந்த கேக்கின் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. லெனோர் கொண்டுவந்த மிட்டாயைப் பிள்ளைகள் மொய்த்தார்கள்.

சாப்பாடு நடக்கும்போதே மார்வா எழுந்து நின்றாள். பபாய்க் கிழங்கும் பன்றிக்கறியுமாக எல்லார் வாயும் நிறைந்திருந்தது. டுவெயின் முதியவர்கள் வரிசையில் உட்கார்ந்து சந்தோஷமாக மென்றுகொண்டிருந்தார்.

"நான் ஒரு பாவம் சொல்லணும்," என்றாள் மார்வா. கூடம் அடங்கியது. "நான் வந்த நாள்லேருந்து எனக்குக் கோக்கோ. லெனோர் மேல கோக்கோ."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

"நான் எங்க போனாலும் லெனோர் முந்தியே வந்துட்டா. நான் படுக்கிற கட்டில்ல லெனோர் படுத்திருக்கா." டுவெயினைக் கையால் காட்டினாள். "என் புருஷனும் சொல்றாரு, லெனோர் எவ்வளவு நல்லவ, லெனோர் எவ்வளவு அழகா செய்றா. நான் திரும்பிப் படுத்துக்கிட்டு அழறேன். வெளிய சிரிக்கிறேன், உள்ள கோக்கோ. கடவுள் என்னை மன்னிக்கட்டும். லெனோர் மன்னிக்கட்டும்."

உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் எல்லாரும் லெனோரின் மூக்கைப் பார்த்தோம்.

பிறகு டுவெயினைப் பார்த்தோம். பானை வயிறும், காதில் கருவியும், தாடையில் கிழங்குத் துணுக்குமாக இருந்தார் மனிதர். கூடத்தின் மூத்த கிழவர் கபுரோரோ தொண்டையைக் கனைத்தார். ஊர்க்கூடத்தில் ஒரு பிராது எழுந்தால் அவர்தான் விசாரிக்க வேண்டும், அது வெள்ளைக்காரி பிராதாக இருந்தாலும் சரி.

"ஏம்ப்பா டுவெயின், ஒன் பொஞ்சாதி சொல்றது நெசந்தானா?"

டுவெயின் கருவியைத் திருகிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "ஆமாம்! ஆமாம்!" என்றார்.

"ரெனோரேயோட பழக்கம் உண்டா?"

"நன்றி! நல்லா இருக்கு!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள்! "அடப்பாவி மனுசா! வாய் கூசாம சொல்றானே!" "இந்தக் கெழவனா? படியேற முடியாம மூச்சு வாங்குவானே!" "கட்டில்லயாம்டி! அதே கட்டில்லயாம்!" "நாம மாலை போட்டோம், பவுடர் கொட்டினோம், அவ என்ன வேலை பண்ணியிருக்கா பாரு!"

ஒருத்தரும் கணக்குப் பார்க்கவில்லை. லெனோர் போன பிறகுதானே டுவெயின் வந்தார், இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே அன்றைக்குத்தானே? கோக்கோ என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் எங்கள் ஊருக்குக் கணக்கு வராது. எனக்கே வந்ததில்லை.

அப்புறம்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். லெனோரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள், அவள் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள், எல்லாரும் குனிந்து கூடத்தைக் கடந்து மார்வாவிடம் போனார்கள். ஒருத்தி அவள் முதுகைத் தடவினாள். ஒருத்தி ரவிக்கை நுனியால் அவள் கண்ணைத் துடைத்தாள். "ஏங்க்கா எங்ககிட்ட சொல்லல? மனசுலயே வச்சுக்கிட்டா முற்றம் பெருக்கினீங்க?" என்று ஒரு கிழவி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளைகள் அவள் கேக்கைக் கிள்ளித் தின்னத் தொடங்கின. மார்வா தேம்பித் தேம்பி அழுதாள். தன் பாவத்தை ஊர் மன்னித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

லெனோர் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பாஷை தெரியுமே, எல்லாம் புரிந்தது. "அவங்க சொல்ல வந்தது அது இல்ல, நான் சொல்றத கேளுங்க," என்று அழகான பாஷையில் ஆரம்பித்தாள்.

"அவ அப்படித்தான் சொல்லுவா," என்றாள் என் நாத்தனார்.

எனக்கு மட்டும்தான் அந்தச் சொல் எங்கிருந்து போனது என்று தெரியும். எழுந்து நிற்க வேண்டியவள் நான்தான். உடனே எழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வாளியோடு லெனோர் வீட்டுக்கு ஓடுகிற இயோதேபா கண்முன்னால் வந்தான். ஒரு கிழங்குத் துண்டை வாயில் போட்டு, நன்றாக மென்று, விழுங்கிவிட்டுத்தான் எழுந்தேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

"சத்தம் போடாதீங்கடி! அக்காவுக்கு கோக்கோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோக்கோன்னா எல்லாப் பொறாமைக்கும் ஒரே பேருன்னு நெனச்சுட்டாங்க. சொல்லிக்கொடுத்தது நான், எம்புருசன் செருப்பு தண்ணிக்குள்ள கெடந்தப்போ. அவங்களுக்கு இருக்கிறது பகந்தாங். நாமதான தெனமும் ரெனோரே ரெனோரேன்னு அவங்க காதுல ஓதினோம்? அந்தக் கெழவனுக்குத் தெரிஞ்சது மூணே வார்த்தை. பன்றியைக் கட்டிக்கிறியான்னு கேட்டிருந்தாலும் ஆமாம்னுதான் சொல்லியிருப்பாரு!"

முதலில் சிரித்தவர் கபுரோரோ கிழவர். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, அவரை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்புறம் அங்கே சபைக்கூடத்துக் கூரைக்கு அடித்த ஆணிகூடக் கழன்றுவிடும் போலச் சிரித்தோம். ஒன்றும் புரியாத டுவெயின் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மகள் கிரிதினா பாயில் உருண்டாள்.

"நான் என்ன சொன்னேன்?" என்று மார்வா என் கையைப் பிடித்தாள். காதில் சொன்னேன். முகம் நண்டு மாதிரி சிவந்துவிட்டது. பனை விசிறியால் முகத்தை மூடிக்கொண்டாள். விசிறிக்குப் பின்னால் தோள் குலுங்கியது, மறுபடியும் அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன். விசிறியை எடுத்தபோது பார்த்தால் சிரிப்பு, பல்செட் கழன்று விழுகிற மாதிரி சிரிப்பு. யாரோ பவுடர் டப்பாவைத் திறந்தார்கள். முழு டப்பாவும் அவள் தலையில் கொட்டியது. அடுத்தவள் கொட்டினாள், அதற்கடுத்தவளும். இருமிக்கொண்டே எழுந்து ஆடினாள். ஆட்டம் கண்றாவி. ஒருத்திக்கும் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

லெனோரும் கைதட்டினாள். அவள் முதுகுப் பவுடர் வியர்வையில் கரைந்திருந்தது.

அந்த வாரத்துக்குள் கிரிதினாவுக்குப் பெண் பிறந்தது. காற்று சரியில்லாததால் படகு வரவில்லை, லெனோரும் இருந்தாள். எல்லாரும் பார்க்க வந்திருந்தோம். மார்வா நல்ல ரவிக்கை போட்டுக்கொண்டு, பெயர்ப்பட்டையைத் துடைத்துக் குத்திக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் மூலையில் உட்கார்ந்தாள். கேட்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பேரு என்னடி வச்சிருக்க?" என்றேன். தாபேத்தா என்பாள் என்று எனக்கு ஒரு ஆசை.

"கோக்கோ," என்றாள் கிரிதினா.

"பைத்தியமா ஒனக்கு?"

"அன்னிக்கு சிரிச்ச சிரிப்புலதாம்மா இவ கீழ எறங்கினா. மாமனார் வீட்லயும் சரின்னுட்டாங்க. நேய் கோக்கோ. நல்லாத்தான இருக்கு?"

மார்வாவின் முகம் விழுந்தது. "ஆனா என் பேரு மார்வா," என்றாள் சின்னக் குரலில்.

கிரிதினா பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். "யாரு இல்லேன்னா? எங்க வாயில மார்வா எங்க வருதுங்க? இந்தத் தீவுல கோக்கோன்னா இனிமே நீங்கதான். கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்க."

அது உண்மை. நேய் என்பது எங்கள் பாஷையில் பெண்ணின் பேருக்கு முன்னால் போடுகிற மரியாதை. வழியில் வந்தபோதே பிள்ளைகள் "நேய் கோக்கோ! நேய் கோக்கோ!" என்று அவள் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி வந்திருந்தன. மார்வா குனிந்து அந்தப் பிள்ளையிடம், "கோக்கோ," என்றாள். பிள்ளை கண்ணைத் திறந்தது. எனக்கு வந்த பகந்தாங்கை அடக்கிக்கொண்டேன். என் பேத்தி, என் சொல், பேர் மட்டும் அவளுக்கு.

மறுநாள் காற்று விழுந்தது, படகு வந்தது. லெனோரை வழியனுப்ப எல்லாரும் தண்ணீருக்குள் இறங்கி நின்றோம். மாலை போட்டோம், பாட்டுப் பாடினோம், அழவேண்டிய அளவுக்கு அழுதோம். படகில் ஏறும் முன் லெனோர் மார்வாவைக் கட்டிக்கொண்டாள். மார்வாவின் கையில் பிள்ளை இருந்தது. லெனோர் அதன் கன்னத்தைத் தொட்டுவிட்டு, எங்கள் பாஷையில், மெதுவாக, மார்வாவிடம் சொன்னாள்.

"எனக்கு ஒங்க மேல பகந்தாங்."

சரியான சொல். உச்சரிப்பில் ஒரு பிசிறு கிடையாது. அதனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை.